'உர்ர்...'னு உறுமினா அடிக்காதீங்க! - கடிக்கிற நாயை மாற்ற முடியுமா?

"எங்க வீட்டு டாமி ரொம்ப சாது. ஆனா, வெளியாள் யாராவது வந்தா மட்டும்..." என்று இழுப்பவர்கள் உங்கள் தெருவிலும் இருப்பார்கள். கொரியர்காரர் கேட்டைத் தொட்டாலே பாயும். ஒருநாள் சாப்பாட்டுத் தட்டுப் பக்கம் போன பேரனைப் பார்த்து உறுமும். அன்று இரவே வீட்டில் கேள்வி எழும்: 'எங்கேயாவது கொண்டுபோய் விட்டுடலாமா?'

தெருவில் விட்டால் பிரச்னை தெருவுக்கு மாறுமே தவிர, தீராது. முடிவெடுக்கும் முன் ஒரு நிஜக் கதையைக் கேளுங்கள்.

2007-ல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில், பிரபல அமெரிக்கக் கால்பந்து வீரர் மைக்கேல் விக்குக்குச் சொந்தமான இடத்தில் போலீஸ் சோதனை நடந்தது. சண்டைக்காக வளர்க்கப்பட்ட பிட் புல் நாய்கள் மீட்கப்பட்டன. விக்குக்கு 23 மாதச் சிறை. 'சண்டை நாய்கள் மாறவே மாறாது, கருணைக்கொலைதான் வழி' என்று சில விலங்கு நல அமைப்புகளே சொன்னன. ஆனால், ஒவ்வொரு நாயையும் தனித்தனியாகப் பரிசோதித்தார்கள். 49 நாய்களில், மூர்க்கம் காரணமாகக் கருணைக்கொலை செய்யப்பட்டது ஒன்றே ஒன்றுதான். பல நாய்கள் பயத்தில் தரையோடு ஒட்டிக்கிடந்தன. பயிற்சிக்குப் பிறகு பலவும் குடும்பங்களுக்குப் போயின. அதில் 'ஜானி ஜஸ்டிஸ்' என்ற நாய், குழந்தைகள் கதை வாசிக்கக் கேட்கும் தெரபி நாயாகவே மாறியது!

கோபத்துக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது பயம். நாம் செய்ய வேண்டியவை இவைதான்.

முதலில் டாக்டர்: சாதுவாக இருந்த நாய் திடீரென முரடானால் காதுப்புண், பல்வலி, மூட்டுவலி என ஏதாவது இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டாமல் பயிற்சியைத் தொடங்காதீர்கள்.

உறுமலைத் தண்டிக்காதீர்கள்: உறுமல் என்பது 'கிட்ட வராதே' என்ற எச்சரிக்கை. அதற்கு அடி விழுந்தால், அடுத்தமுறை எச்சரிக்காமலேயே கடிக்கும். உடல் விறைப்பது, முகத்தைத் திருப்புவது, உதட்டை நக்குவது ஆகியவை உறுமலுக்கும் முன்பே தெரியும் அறிகுறிகள்.

நோட்டுப் போடுங்கள்: யாரைப் பார்த்து, எவ்வளவு தூரத்தில், எந்த நேரத்தில் கோபம் வருகிறது என்று 2 வாரம் எழுதுங்கள். 'சும்மாவே கடிக்குது' என்பது பெரும்பாலும் உண்மையில்லை எனப் புரியும்.

தூரமும் தீனியும்: அந்நியரைப் பார்த்தும் நாய் அமைதியாக இருக்கும் தூரத்தில் நிறுத்தி, பிடித்த தீனி கொடுங்கள். அவர் போனதும் தீனியை நிறுத்துங்கள். நாள்கள் செல்லச் செல்ல, தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். குரைத்தால் நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம், பின்னால் செல்லுங்கள். இதற்கு மாதக்கணக்கில்கூட ஆகலாம்.

சங்கிலி தீர்வல்ல: நாள் முழுக்கக் கட்டிப்போட்டால் பயமும் எரிச்சலும்தான் கூடும். காலையும் மாலையும் நடை அவசியம். வெளியே செல்லும்போது வாய்மூடி போடுங்கள். அதையும் தீனி கொடுத்தே பழக்குங்கள்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால், நாய் சாப்பிடும்போதும் தூங்கும்போதும் அருகில் விடவே கூடாது. கடித்துவிட்டால், தடுப்பூசி போட்ட வீட்டு நாயாகவே இருந்தாலும், காயத்தை ஓடும் நீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

எல்லா நாயும் முழுதாக மாறிவிடுமா? இல்லை. விக்கின் நாய்களில் 'மெரில்' என்ற நாயை யாருக்கும் தத்துக் கொடுக்கக் கூடாது என்றது நீதிமன்றம். பழகியவர்களிடம் பாசமாகவும், அந்நியர்களிடம் எச்சரிக்கையாகவும் அது காப்பகத்திலேயே வாழ்ந்தது. சில வீடுகளிலும் அப்படித்தான். விருந்தாளி வந்தால் தனி அறை, வெளியே போனால் வாய்மூடி என்று ஆயுள் முழுக்கக் கவனமாக இருக்க வேண்டியிருக்கும்.

உங்கள் டாமி இன்றைக்கு யாரைப் பார்த்து உறுமியது? அங்கிருந்தே நோட்டைத் தொடங்குங்கள்.