'வீரம்' இந்தி ரீமேக்: ஒரே படத்துக்கு ஏன் மூன்று தீர்ப்பு?

அஜித்தின் 'வீரம்' பற்றித் தமிழர்கள் நடுவே பேச்செடுத்தால் பெரிய சண்டை வராது. ஜாலியான குடும்பப் படம், நல்ல ஃபைட், சந்தானம் காமெடி என்று பேச்சு முடிந்துவிடும். அதே கதையின் இந்தி வடிவமான 'கிசி கா பாய் கிசி கி ஜான்' பற்றி மும்பைத் தமிழர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஒருவர் "ஒரிஜினலைக் கெடுத்துட்டாங்க" என்பார். இன்னொருவர் "ஈத் படம்தானே, டைம்பாஸ்" என்பார். மூன்றாமவர் படத்தையே விட்டுவிட்டு "அந்த லுங்கிப் பாட்டு இருக்கே..." என்று ஆரம்பிப்பார்.

ஒரு லைட்டான ஆக்‌ஷன் காமெடிக்கு ஏன் இவ்வளவு கருத்து வேறுபாடு? மூன்று பேரும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்பதுதான் காரணம்.

எந்தப் படம் எந்தப் படமானது?

'வீரம்' 2014 ஜனவரி 10 அன்று, பொங்கலுக்கு வெளியானது. இயக்கம் சிவா. ஒட்டன்சத்திரத்தில் நான்கு தம்பிகளோடு வாழும் விநாயகம், கல்யாணமே வேண்டாம் என்று இருப்பவர். தங்கள் காதல் கைகூட வேண்டும் என்பதற்காகத் தம்பிகள் அண்ணனையே காதலில் மாட்டிவிடுகிறார்கள். நாயகியின் அப்பாவுக்கோ (நாசர்) அடிதடி என்றாலே ஆகாது. அதனால் அண்ணன் அடக்க ஒடுக்கமாக வேஷம் போட வேண்டியிருக்கிறது. காமெடியும் ஆக்‌ஷனும் அந்த முடிச்சில்தான் பிறக்கின்றன.

கதை பல மொழிகளுக்குப் போனது. தெலுங்கில் பவன் கல்யாண் நடித்த 'காட்டமராயுடு' (2017), கன்னடத்தில் தர்ஷன் நடித்த 'ஒடெயா' (2019). கடைசியாக 2023 ஏப்ரல் 21 அன்று, ஈத் வெளியீடாக சல்மான் கானின் இந்திப் படம். இயக்கம் ஃபர்ஹாத் சாம்ஜி.

இந்தியில் ஒட்டன்சத்திரம் டெல்லி ஆனது. நான்கு தம்பிகள் மூன்று பேர் ஆனார்கள். நாயகி (பூஜா ஹெக்டே) தெலுங்குக் குடும்பத்துப் பெண். வன்முறை பிடிக்காத அப்பாவின் இடத்தில் நாயகியின் அண்ணனாக வெங்கடேஷ். இரண்டாம் பாதியில் கதை ஹைதராபாத் போகிறது.

முதல் தீர்ப்பு: "ஒரிஜினல் மாதிரி இல்லை"

இதைச் சொல்பவர்கள் கேட்கும் கேள்வி: இது அதே படமா? 'வீரம்' பார்த்தவருக்கு ஒவ்வொரு திருப்பமும் முன்பே தெரியும். சிரிப்பு வருவதற்கு முன்னால் ஒப்பீடு வந்துவிடுகிறது.

முன்பெல்லாம் இந்த ஒப்பீடு தென்னிந்திய ரசிகர்களோடு நின்றது. இப்போது டிவியிலும் யூடியூபிலும் இந்தி டப்பிங் கொட்டிக் கிடக்கிறது. அதே 2023-இல் வந்த 'ஷெஹ்ஸாதா' இதற்கு நல்ல உதாரணம். அல்லு அர்ஜுனின் 'அல வைகுண்டபுரமுலோ' (2020) படத்தின் ரீமேக் அது. ரீமேக் வருவதற்கு ஒரு வருஷம் முன்பே மூலப் படத்தின் இந்தி டப்பிங் டிவியில் ஒளிபரப்பாகிவிட்டது. 'புஷ்பா' (2021) இந்தி டப்பிங்கிலேயே தியேட்டரில் ஓடியதைப் பார்த்த ரசிகர், ரீமேக் எதற்கு என்று கேட்பது இயல்பு.

ஆனால் ரீமேக் என்றாலே குறை என்றும் சொல்லிவிட முடியாது. 'கில்லி' தெலுங்கு 'ஒக்கடு'வின் ரீமேக். 'போக்கிரி'யும் அப்படித்தான். 'வீரம்' எடுத்த சிவாவே முதலில் தமிழில் பேர் வாங்கியது 'சிறுத்தை' (2011) மூலம். அது 'விக்ரமார்குடு'வின் ரீமேக். மூலத்தைப் பார்க்காமல் இந்தப் படங்களைக் கொண்டாடிய நமக்கு அன்று இந்தக் கேள்வி வரவில்லை.

இரண்டாவது தீர்ப்பு: "டைம்பாஸ்தானே"

இவர்கள் கேட்கும் கேள்வி வேறு: கொடுத்த காசுக்குப் பண்டிகை நாள் ஜாலியாகப் போனதா? சல்மான் படத்துக்கு ஈத் அன்று போகிறவர் திரைக்கதையைச் சோதிக்கப் போவதில்லை. அவருக்கு வேண்டியது என்ட்ரி, ஃபைட், பாட்டு, விசில். மாட்டுங்காவின் அரோரா தியேட்டரில் ரஜினி படத்துக்கு முதல் நாள் முதல் காட்சி போனவர்களுக்கு இதைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. அங்கேயும் லாஜிக் பார்க்க யாரும் போகவில்லை.

இந்தத் தரப்பை "ரசனை இல்லாதவர்கள்" என்று ஒதுக்குவது சோம்பேறித்தனம். படம் என்ன வாக்குறுதி கொடுத்ததோ அதை வைத்து அவர்கள் அளக்கிறார்கள்.

மூன்றாவது தீர்ப்பு: "அந்த லுங்கிப் பாட்டு"

இதுதான் மும்பைக்கே உரிய பகுதி. படம் வருவதற்கு முன் 2023 ஏப்ரல் தொடக்கத்தில் 'யென்டம்மா' பாடல் வெளியானது. சல்மான், வெங்கடேஷ், ராம் சரண் மூவரும் பார்டர் வைத்த வெள்ளை வேட்டியில் ஆடுகிறார்கள். பாட்டு அதை 'லுங்கி' என்கிறது. முன்னாள் கிரிக்கெட் வீரர் லக்ஷ்மண் சிவராமகிருஷ்ணன், இது லுங்கி அல்ல, வேட்டி, தென்னிந்தியப் பண்பாட்டை இழிவுபடுத்துகிறார்கள் என்று ட்விட்டரில் கண்டித்தார். இணையம் இரண்டாகப் பிரிந்தது.

ஒரு சொல்லுக்கு இவ்வளவு கோபமா? இந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. பால் தாக்கரே 1960-இல் தொடங்கிய 'மார்மிக்' வார இதழ், மும்பை நிறுவனங்களில் வேலை பார்த்த தென்னிந்தியர்களின் பெயர்ப் பட்டியல்களை வெளியிட்டது. 1966-இல் சிவசேனா பிறந்தது. "லுங்கி ஹட்டாவ், புங்கி பஜாவ்" என்ற கோஷம் தெருவில் ஒலித்தது. லுங்கியை விரட்டு, ஊதலை ஊது என்று பொருள். 2019-இல் அதே தாக்கரேயின் பேரன் ஆதித்யா, வொர்லியில் வேட்டி கட்டி ஓட்டுக் கேட்டார். காலம் மாறிவிட்டதுதான். ஆனால் உங்கள் தாத்தா அந்த அறுபதுகளில் மாட்டுங்காவிலோ செம்பூரிலோ குமாஸ்தாவாக இருந்திருந்தால், 'லுங்கி' என்று யாராவது சிரிக்கும்போது வீட்டில் ஒருவராவது சிரிக்காமல் இருப்பார்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. "அது லுங்கி இல்லை, வேட்டி" என்று திருத்தும்போது, லுங்கி தாழ்ந்தது என்று நாமே ஒத்துக்கொள்கிறோமா? தாராவியில் தோல் பட்டறையிலும் தையல் கடையிலும் உழைத்த நெல்லைத் தமிழர்களுக்குக் கைலி வேலை உடுப்பு. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பண்டிகைக்கு வேட்டி கட்டும் வீட்டில் வரும் கோபமும், தினமும் கைலி கட்டும் வீட்டில் வரும் கோபமும் ஒன்றல்ல.

என் பார்வையில் பிரச்சினை அந்தச் சொல்லைவிடப் பெரியது. 'வீரம்' படத்தில் அஜித் படம் முழுக்க வேட்டி சட்டையில் வருகிறார். யாரும் அதைக் கவனிப்பதில்லை, ஏனென்றால் அந்த ஊரே அப்படித்தான். 'காட்டமராயுடு'விலும் பவன் கல்யாணுக்கு வேட்டி அன்றாட உடுப்புதான். இந்தியில் அது ஒரு பாட்டுக்கான காஸ்ட்யூம். உடையாக இருந்தது வேஷமாகிவிட்டது.

இப்படித்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. சூர்யாவின் 'சிங்கம்' (2010) அடுத்த வருஷமே இந்தியில் 'சிங்கம்' ஆனது. தூத்துக்குடிப் பக்கத்து துரைசிங்கம், மராத்தி பேசும் பாஜிராவ் ஆனார். கதையை எடுத்துக்கொண்டு சொந்த மண்ணில் நட்டார்கள். தமிழர்களை வேடிக்கைப் பொருளாக்கவில்லை. இத்தனைக்கும் அதே ரோஹித் ஷெட்டிதான் 2013-இல் 'லுங்கி டான்ஸ்' பாட்டு வந்த 'சென்னை எக்ஸ்பிரஸ்' எடுத்தவர்.

ரேட்டிங் பார்த்து முடிவெடுக்கலாமா?

இந்த மாதிரிப் படங்களுக்குச் சராசரி ரேட்டிங் அதிகம் உதவாது. ஒரு கற்பனைக் கணக்கு: 10 பேரில் 5 பேர் 9 மார்க் போடுகிறார்கள், 5 பேர் 1 மார்க். சராசரி 5. ஆனால் அந்த 5-ஐ ஒருவர்கூடப் போடவில்லை! "சுமாரான படம்" என்று அந்த எண் சொல்கிறது. உண்மையில் சுமார் என்று நினைத்தவர் யாரும் இல்லை. எண்ணைவிட மார்க் எப்படிப் பிரிந்திருக்கிறது என்பதைப் பாருங்கள். பெரும்பாலான தளங்களில் அந்தப் பட்டை வரைபடம் ஒரு கிளிக் தூரத்தில்தான் இருக்கிறது.

அப்போ யார் சொல்வது சரி?

முதலாமவர் மூலத்தோடு ஒப்பிடுகிறார், இரண்டாமவர் பண்டிகையோடு, மூன்றாமவர் ஊரின் நினைவோடு. மூன்றும் நியாயமான அளவுகோல்தான். அடுத்த தடவை ஆபீஸ் லஞ்சில் இந்தச் சண்டை வந்தால் "எப்படி உனக்கு அது பிடிச்சது?" என்று கேட்காதீர்கள். "ஒரிஜினல் பார்த்திருக்கியா? யாரோட போய்ப் பார்த்தே? எந்த இடத்துல சிரிப்பு வரலை?" என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு வரும் பதில் படத்தைவிட அவரைப் பற்றி அதிகம் சொல்லும்.