எதனைப் படிப்பது?

க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாளில் நம் வீடுகளில் எழும் ஆரவாரம் இரண்டொரு நாளில் அடங்கிவிடும். அதன் பின் எழுவதே உண்மையான கேள்வி: "இனி எதனைப் படிப்பது?" சிறு பராயந்தொட்டு ஓர் இலக்கையே மனத்திற் கொண்டு வளர்ந்தோருக்கு இக்கேள்வி இடர் தருவதில்லை. இன்னது வேண்டுமெனத் துணிய முடியாது நிற்போரோ பலர். அவர்கள் சோம்பேறிகளுமல்லர், அறிவிற் குறைந்தோருமல்லர். பாடப்புத்தகத்துக்கும் ரியூட்டரிக்கும் அப்பால் உலகைக் காணாத பத்தொன்பது வயதினர், வாழ்நாள் முழுவதற்குமான தொழிலை உடனே சொல்லிவிடல் வேண்டுமென நாம் எதிர்பார்ப்பதே வியப்புக்குரியது. அத்தகையோரையும் அவர்தம் பெற்றோரையும் கருதியே இதனை எழுதுகின்றோம்.

துணிவின்றி நிற்கும் பிள்ளைக்கு ஆலோசனைக்குக் குறைவில்லை. வைத்தியம் என்பார் மாமனார். எஞ்சினியர் என்பார் பெரியப்பா. அரசாங்க உத்தியோகத்துக்கு வழி பார் என்பார் அயல்வீட்டார். இவர்கள் நன்மையே நினைக்கின்றனர். ஆயின் இவ்வாலோசனை பிறந்த காலம் வேறு. 1942 ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது நாடு முழுவதற்கும் அது ஒன்றே பல்கலைக்கழகம். இடமும் சொற்பம், துறையும் சொற்பம். பின்னர் யாழ்ப்பாணத்தில் 1974 இல் வளாகம் அமைந்தது. அது 1979 இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. கிழக்குப் பல்கலைக்கழகம் 1986 இலும், வவுனியாப் பல்கலைக்கழகம் 2021 இலும் அந்நிலையை எய்தின. துறைகளும் பல்கிப் பெருகின. முதியோர் அறிந்த இரண்டு மூன்று பெயர்களுக்குள் இன்றைய பிள்ளையின் எதிர்காலத்தை அடக்கப் பார்ப்பது பொருந்தாது.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிடும் கைந்நூலை முதலிலிருந்து இறுதிவரை வாசித்த குடும்பங்கள் எத்தனை? விண்ணப்பத்தில் மாணவர் தாம் விரும்பும் பாடநெறிகளை வரிசைப்படுத்தி எழுதுகின்றனர். தமது இசட் புள்ளி இடம் தரக்கூடிய பாடநெறிகளுள், அவ்வரிசையில் எது மேலே உள்ளதோ அதற்கே தெரிவு செய்யப்படுகின்றனர். ஆகவே அந்த வரிசைதான் தீர்ப்பு. மனம் நாடாத ஒன்றை ஊராரின் மதிப்புக்காக மேலே எழுதிவிட்டால், அதுவே கிடைத்துவிடவுங் கூடும். கிடைத்த பின் வருந்திப் பயனில்லை. விரும்பியது எட்டாதென அஞ்சி அதனைக் கீழே தள்ளுவதும் தவறு. வெட்டுப்புள்ளி ஆண்டுக்காண்டு மாறுவது. மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடுவது. சென்ற ஆண்டின் புள்ளி வழிகாட்டியேயன்றி விதியன்று. அன்றியும், கட்டடக்கலை, இசை, நடனம் போன்ற சில துறைகளுக்குத் தனியாக உளச்சார்புப் பரீட்சையோ செய்முறைப் பரீட்சையோ உண்டு. அவற்றுக்குரிய அறிவித்தலைத் தவறவிட்டால், எத்துணைப் புள்ளி இருப்பினும் அக்கதவு மூடிவிடும்.

சரி, மனம் நாடுவதே எதுவெனத் தெரியாதவர் வரிசையை எங்ஙனம் எழுதுவது? நாம் கூறும் வழி இதுதான்: தொழிலின் பெயரைப் பாராது அத்தொழிலின் அன்றாட வேலையைப் பாருங்கள். வைத்தியர் என்ற பெயர் எல்லோருக்கும் இனிக்கின்றது. ஐந்தாண்டுப் படிப்பும், ஓராண்டு உள்ளகப் பயிற்சியும், இரவுக் கடமையும், நோயாளரின் ஓயாத முறைப்பாட்டைப் பொறுமையுடன் கேட்டலும் எத்தனை பேருக்கு இனிக்கும்? கணக்காளர் நாள் முழுதும் என்ன செய்கின்றார்? நில அளவையாளர் எங்கே நிற்கின்றார்? சட்டத்தரணி மன்றிற் பேசும் நேரம் எவ்வளவு, கோவைகளை வாசிக்கும் நேரம் எவ்வளவு? இவற்றை அறியக் கைந்நூல் போதாது. அத்தொழில் செய்வோர் ஊருக்கு ஒருவராவது இருப்பர். தக்கார் மூலம் அனுமதி பெற்று, ஒருநாள் அவரோடிருந்து பார்த்தல் வேண்டும். "இத்தொழிலில் உங்களுக்குச் சலிப்புத் தருவது எது?" என்று கேட்டல் வேண்டும். அந்தச் சலிப்பையும் நம்மாற் பொறுக்க முடியுமெனத் தோன்றினால், அத்தொழில் நமக்கு உகந்ததென ஓரளவு துணியலாம்.

உயிரியற் பிரிவிற் பயின்றோரின் நிலையை நோக்குவோம். வைத்தியபீடம் கிடையாவிடில் வாழ்வே முடிந்ததெனக் கருதும் பிள்ளைகளை நாம் ஆண்டுதோறும் காண்கின்றோம். இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் பரீட்சை எழுதிக் காலத்தையும் உடல்நலத்தையும் இழப்போர் அவருள் உளர். அதே பாடங்களைக் கற்றோருக்குச் சித்த மருத்துவம், தாதியியல், மருந்தாக்கவியல், இயன்மருத்துவம், விவசாயம், மீன்பிடி விஞ்ஞானம் எனப் பல வழிகள் திறந்துள்ளன. பேராதனையில் மிருக வைத்தியமும் உண்டு. நோயுற்றோருக்கு உதவுதலே ஒரு பிள்ளையின் ஆசையாயின், அவ்வாசை நிறைவேறும் இடம் வைத்தியபீடம் ஒன்றுமட்டுமன்று. ஆசை எது, அதற்கு நாம் இட்ட பெயர் எது என்று பிரித்தறிதல் நலம்.

முடிவைச் சிறிது பிற்போட இடந்தரும் பாடநெறிகளும் உண்டு. கலைப்பீடங்களிலும் விஞ்ஞான பீடங்களிலும் முதலாண்டிற் பல பாடங்களைப் பயின்று, பின்னரே சிறப்புத் துறையை வகுத்துக்கொள்ளலாம். பொறியியற் பீடங்களிலும் தொடக்கத்திற் பொதுப் பாடங்களைக் கற்ற பின்னரே சிவில், மின், இயந்திரம் எனக் கிளை பிரிவது வழக்கம். மனந்துணியாதோர் இத்தகைய பாடநெறிகளை வரிசையில் மேலே எழுதுவது விவேகமாகும்.

முதலிற் கற்றது வீணாவதில்லை என்பதற்கு நம்மவரிடையே சான்று உண்டு. காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலானந்தர் ஆசிரியப் பயிற்சி பெற்றவர். 1920 இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியானவர். அவரே 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராய் விளங்கினார். பழந்தமிழரின் யாழையும் இசையையும் ஆராய்ந்து 1947 இல் அவர் வெளியிட்ட யாழ்நூலில், இளமையிற் கற்ற கணிதமும் விஞ்ஞானமும் தமிழ்ப் புலமையோடு கைகோத்து நிற்கக் காண்கின்றோம். முதற் பட்டம் அவரைக் கட்டிப்போடவில்லை. அவருக்கு உதவியே செய்தது.

தகுதி பெற்றோர் யாவருக்கும் பல்கலைக்கழகத்தில் இடமில்லை என்பதும் உண்மை. இடங் கிடையாதோர் கல்வியியற் கல்லூரிகளையும், உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவனங்களின் டிப்ளோமாக்களையும், 1980 இல் தொடங்கிய திறந்த பல்கலைக்கழகத்தையும் நாடலாம். தேசிய தொழிற் தகைமையின் ஏழு மட்டங்களுள் ஏழாவது மட்டம் பட்டத்துக்கு நிகரானது. கைத்தொழிலில் தொடங்கியவரும் படிப்படியாக அதனை எட்டலாம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை "தெரியவில்லை" என்று சொன்னால் சினவாதீர்கள். அது உண்மையான விடை. குடும்பத்தின் பொருள்நிலையையும், உங்கள் அச்சங்களையும் ஒளியாது எடுத்துச் சொல்லுங்கள். அவையும் முடிவுக்கு வேண்டியனவே. ஆனால் விண்ணப்பத்தின் வரிசையை எழுதும் பேனா பிள்ளையின் கையிலேயே இருக்கட்டும். பட்டம் பெற்ற பின் நாற்பது ஆண்டுகள் அந்த வேலைக்குக் காலையில் எழுந்து செல்லப் போகிறவர் அவரல்லவா?