மதில்மேல் பூனையும் வாசலில் நாயும்



எந்தப் பக்கம் சாய்வார் என்று சொல்ல முடியாதவரை ‘மதில்மேல் பூனை’ என்கிறோம். ‘மதில்மேல் நாய்’ என்று எவரும் சொன்னதில்லை. மதில்மேல் நடப்பதும், தவறி விழுந்தாலும் நான்கு காலையும் ஊன்றி நிற்பதும் பூனைக்கே கைவந்த கலை. பூனையும் நாயும் நாலுகால் பிராணிகள். இரண்டும் நம் வீட்டுச் சோற்றில் வளர்பவை. பிறகு ஏன் இந்த வேறுபாடு?

போர்ட் கிள்ளான் துறைமுகம் 1901ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. 1972 வரை அதன் பெயர் போர்ட் சுவெட்டன்ஹாம். நம் முன்னோர் பலர் கப்பலைவிட்டு இறங்கிய இடம் அது. சரக்கு இருக்கும் இடத்தில் எலி இருக்கும். எலி இருக்கும் இடத்தில் பூனை இருக்கும். இந்த வட்டாரத்துப் பூனைகளில் பலவற்றுக்கு வால் குட்டையாகவோ, நுனியில் முடிச்சு விழுந்தாற்போலவோ இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். மலாய்த் தீவுகளின் பூனை வாலைப் பற்றி அறிஞர் டார்வின் 1868ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார். இந்த வாலைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எலும்பைப் பார்ப்போம். கழுத்து முதல் இடுப்பு வரை பூனைக்கும் நாய்க்கும் முதுகெலும்புக் கணுக்களின் எண்ணிக்கை ஒன்றுதான்: கழுத்தில் 7, மார்பில் 13, இடுப்பில் 7. வேறுபாடு எண்ணிக்கையில் இல்லை, இணைப்பில் இருக்கிறது. பூனையின் கணுக்கள் தளர்வாகப் பிணைந்தவை. ஈரத்துணியை முறுக்குவதுபோல் அது உடலை முறுக்க முடியும். நாயின் முதுகு அந்த அளவுக்கு முறுக்கிக் கொடுக்காது.

அடுத்தது தோள். மனிதனுக்குக் காறை எலும்பு மார்பெலும்பையும் தோளையும் இறுக இணைக்கிறது. பூனைக்கு அது சிறு துண்டாகத் தசைக்குள் மிதக்கிறது. ஆகவே அதன் முன்னங்கால்கள் பல பக்கமும் வளைந்து திரும்பும். குதிக்கும்போது அதிர்ச்சியைத் தசைகளே தாங்கிக்கொள்ளும். நாய்க்குக் காறை எலும்பு ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். ஆனால் அதன் கால்கள் முன்னும் பின்னும் வீசி நெடுந்தூரம் ஓடுவதற்கென்று அமைந்தவை. பூனையின் நகம் உறைக்குள் ஒடுங்கிக் கூர்மை கெடாமல் இருக்கும். நாயின் நகம் வெளியே நீட்டியபடி இருந்து தரையில் தேயும். ஏறுவதற்கு ஒன்று, ஓடுவதற்கு மற்றொன்று.

இனி விழும் கதைக்கு வருவோம். காதின் உட்புறத்தில் மேல் எது, கீழ் எது என்று உணர்த்தும் உறுப்பு ஒன்று உண்டு. இது நாய்க்கும் உண்டு, நமக்கும் உண்டு. பூனை மல்லாந்து விழும்போது இந்த உறுப்பு எச்சரிக்க, முதலில் தலை திரும்புகிறது. பின் முன்னங்கால்களை மடக்கிக்கொண்டு, பின்னங்கால்களை நீட்டியபடி, முன்பாதி உடலைத் திருப்புகிறது. ஊஞ்சல் கயிற்றை முறுக்கிச் சுற்றும் பிள்ளை கையை ஒடுக்கினால் விரைவாகச் சுற்றும், விரித்தால் மெதுவாகச் சுற்றும் அல்லவா? அதுபோல ஒடுங்கிய முன்பாதி அதிகம் திரும்ப, விரிந்த பின்பாதி எதிர்ப்பக்கம் சிறிதளவே திரும்பும். அடுத்து முன்கால்களை நீட்டிப் பின்கால்களை மடக்கிப் பின்பாதியைத் திருப்பிவிடும். எதையும் பிடிக்காமல், எதையும் உதைக்காமல் உடல் முழுவதும் திரும்பிவிடுகிறது.

இதை முதலில் படம்பிடித்துக் காட்டியவர் பிரான்ஸ் நாட்டு அறிஞர் மாரே. 1894ஆம் ஆண்டில் அவர் பூனை விழுவதை அடுத்தடுத்த படங்களாக எடுத்துப் பாரிஸ் அறிவியல் கழகத்தின் முன் வைத்தார். பிடித்திருப்பவர் கையை உதைத்தே பூனை திரும்புகிறது என்று எண்ணியவர்கள் வியந்தார்கள். வாலைச் சுழற்றுவதால்தான் திரும்புகிறது என்றும் சிலர் எண்ணுவதுண்டு. வால் ஓரளவு உதவலாம். ஆனால் வால் குட்டையான நம் பூனைகளும், வாலே இல்லாத பூனைகளும்கூட நிமிர்ந்துதான் விழுகின்றன.

நாயும் விழும்போது திரும்பத்தான் முயல்கிறது. ஆனால் அதன் முதுகு ஒத்துழைப்பதில்லை. எடையும் கூடுதல். எறும்பு தென்னையிலிருந்து விழுந்தாலும் ஊர்ந்து போகும். எடை கூடக்கூட அடியும் பலக்கும்.

அப்படியானால் பூனைக்கு அடியே படாதா? இங்கேதான் நாம் ஏமாந்துவிடக் கூடாது. நிமிர்ந்து விழுவது வேறு, அடிபடாமல் விழுவது வேறு. நியூயார்க் நகரில் மாடிகளிலிருந்து விழுந்து சிகிச்சைக்குக் கொண்டுவரப்பட்ட 132 பூனைகளைப் பற்றி 1987ஆம் ஆண்டில் இரு கால்நடை மருத்துவர்கள் எழுதினார்கள். ஏறக்குறைய நூற்றுக்குத் தொண்ணூறு பிழைத்தன. ஆனால் பலவற்றுக்கு நெஞ்சில் காயம், தாடையில் முறிவு. விழுந்த இடத்திலேயே இறந்தவை அந்தக் கணக்கில் சேரவில்லை.

நம் குடும்பங்களில் பல, தோட்டத்து லயத்தை விட்டு அடுக்குமாடி வீடுகளுக்குக் குடியேறியிருக்கின்றன. லயத்துத் திண்ணையிலிருந்து குதித்த பூனைக்கு ஆபத்தில்லை. ஐந்தாம் மாடி சன்னல் அப்படியல்ல. சுமார் 15 மீட்டர் உயரத்திலிருந்து தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 60 கிலோமீட்டரை எட்டும். சன்னல் கம்பிகளுக்கு இடையில் பூனை நுழையும். ஆகவே வலை அடித்து வையுங்கள். ‘காலூன்றுகிறதா பார்ப்போம்’ என்று பிள்ளைகள் பூனையைத் தூக்கிப் போடுவதைத் தடுங்கள். சில வாரக் குட்டிக்கு அந்தத் திறமை இன்னும் முழுமையாக வந்திராது. நாயை லோரியின் பின்புறத்தில் ஏற்றும்போது, அது தாவிக் குதிக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

விழுந்த பிராணி எழுந்து நடந்தாலும் நம்பிவிடாதீர்கள். மூச்சு வாங்கினால், வாயிலோ மூக்கிலோ இரத்தம் வந்தால், பலகையிலோ பெட்டியிலோ அசையாமல் படுக்கவைத்து உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். வாயைத் திறந்து தண்ணீர் புகட்ட வேண்டாம். இயற்கை பூனைக்குக் கொடுத்திருப்பது ஒரு திறமை மட்டுமே. காவல் காக்கும் பொறுப்பு வளர்க்கும் நம்மிடம்தான் இருக்கிறது.