கடல்நாய்களையும் திமிங்கிலங்களையும் ஏன் பரிசோதிக்க வேண்டும்?

கரையொதுங்கும் திமிங்கிலங்களும் டொல்பின்களும் எந்த நாட்டிலும் மக்களைக் கடற்கரையில் திரளச் செய்து விடுகின்றன. உயிருடன் இருப்பின் அவற்றை மீண்டும் கடலில் விட முயற்சிக்கின்றனர். இறந்திருப்பின் புதைத்து விடுகின்றனர். அவ்விலங்கு ஏன் கரைக்கு வந்தது, அதன் உடலில் என்ன நோய் இருந்தது என்ற கேள்விகளும் பெரும்பாலும் அதனுடனேயே புதைக்கப்பட்டு விடுகின்றன. கடந்த மூன்று தசாப்தங்களாகச் சில நாடுகளின் கால்நடை வைத்தியர்கள் இக்கேள்விகளை விடாது எழுப்பி வந்துள்ளனர். அதன் பயனாகவே கடல்வாழ் பாலூட்டிகளிடையே பற்றீரியாத் தொற்றுக்கள் பரவலாக இருப்பது தெரிய வந்துள்ளது.

1988 ஆம் ஆண்டு வட கடலில் வைரஸ் நோயொன்று பரவி சுமார் 18 ஆயிரம் கடல்நாய்கள் மடிந்தன. அதன் பின்னரே பிரித்தானியாவில் கரையொதுங்கும் கடல்வாழ் பாலூட்டிகளை முறையாகப் பரிசோதிக்கும் ஏற்பாடு 1990 முதல் நடைமுறைக்கு வந்தது. வைரஸைத் தேடியவர்களுக்கு வேறொன்றும் அகப்பட்டது. 1994 இல் ஸ்கொட்லாந்து ஆய்வாளர்கள் கடல்நாய், கடற்பன்றி, டொல்பின் ஆகியவற்றின் உடல்களில் புரூசெல்லா என்னும் பற்றீரியாவைக் கண்டறிந்தனர். அதே ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் டொல்பின் ஒன்றின் சிதைந்த கருவிலும் இக்கிருமி இருந்தமை அறிவிக்கப்பட்டது. 2007 இல் திமிங்கில இனத்துக்குரியது, கடல்நாய் இனத்துக்குரியது என இரு தனி வகைகளாக இவை பெயரிடப்பட்டன.

புரூசெல்லா மனிதருக்குப் புதிய பகையன்று. மோல்டா தீவில் பிரித்தானியப் படையினரை வாட்டிய விட்டு விட்டு வரும் காய்ச்சலுக்குக் காரணமான கிருமியை 1887 இல் டேவிட் புரூஸ் கண்டுபிடித்தார். ஆனால், அது எங்கிருந்து வருகின்றது என்பது மேலும் 18 ஆண்டுகளுக்குப் புலப்படவில்லை. 1905 இல் மோல்டா நாட்டு வைத்தியர் தெமிஸ்டோக்கிளிஸ் சமிட், நோயின் அறிகுறி ஏதுமின்றி நின்ற ஆடுகளின் குருதியைப் பரிசோதித்து அவற்றில் தொற்று இருப்பதை நிரூபித்தார். மறு ஆண்டில் படையினருக்கு ஆட்டுப்பால் வழங்குவது நிறுத்தப்பட, அவர்களிடையே நோயும் பெருமளவில் ஒழிந்தது. ஆரோக்கியமாகத் தோன்றும் விலங்கையும் பரிசோதிக்க வேண்டும் என்பதே மோல்டா தந்த பாடமாகும். இன்று அதே பாடமே கடலில் பின்பற்றப்படுகின்றது.

எனினும், கடலில் இப்பணி எளிதானதன்று. கடல்நாய்களை வலையிட்டுப் பிடித்துக் குருதியும் மூக்கின் சுரப்பும் எடுத்தபின் விடுவிக்கலாம். பெருந்திமிங்கிலத்திடம் அவ்வாறு குருதி பெற இயலாது. எனவே அதன் தோலில் சிறு துண்டை அம்பு எய்து எடுப்பதும், அது விடும் மூச்சின் துளிகளை ட்ரோன் மூலம் சேகரிப்பதும் வழக்கமாகியுள்ளன. ஆயினும், இறந்து கரையொதுங்கும் உடலே மிகுதியான தகவலைத் தருகின்றது.

குருதியில் பிறபொருளெதிரி காணப்பட்டால் அவ்விலங்கு எப்போதோ கிருமியை எதிர்கொண்டது என்பதே பொருள். இப்போது நோயுற்றிருக்கின்றது என்பதன்று. மேலும், இப்பரிசோதனைகள் பல ஆடு, மாடுகளுக்கென உருவாக்கப்பட்டவை. கிருமியை வளர்த்து உறுதி செய்வதற்கோ உயர் பாதுகாப்புடைய ஆய்வுகூடமும் பல நாட் காத்திருப்பும் தேவை. ஆதலால் ஒரேயொரு பரிசோதனையை வைத்து முடிவு கூறுவது தவறாகும்.

தொற்றின் விளைவும் விலங்குக்கு விலங்கு வேறுபடுகின்றது. கடல்நாய்கள் பல கிருமியைச் சுமந்தும் நோயின்றி வாழ்கின்றன. மாறாக, கொஸ்டாரிக்காவின் பசுபிக் கரையில் ஒதுங்கிய வரி டொல்பின்களில் கிருமி மூளையையும் அதன் உறைகளையும் தாக்கியிருந்தது. நீந்தும் ஆற்றலை இழந்தே அவை கரை சேர்ந்தன. கருச்சிதைவும் ஏற்படுவதால், எண்ணிக்கை குறைந்து வரும் இனங்களுக்கு இது மேலும் ஒரு சுமையாகும். கடல்நாய்களின் நுரையீரற் புழுக்களிலும் இக்கிருமி காணப்பட்டுள்ளமையால், அப்புழுக்கள் வழியே அது பரவக்கூடும் எனவும் கருதப்படுகின்றது.

மனிதருக்கு ஆபத்து உண்டா? உண்டு, ஆனால், பதிவான சம்பவங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவையே. 1999 இல் பிரித்தானிய ஆய்வுகூடப் பணியாளர் ஒருவருக்குத் தொற்று ஏற்பட்டமை அறிவிக்கப்பட்டது. 2003 இல் பெரு நாட்டைச் சேர்ந்த இருவரின் மூளைத் தொற்றுக்கும், 2006 இல் நியூஸிலாந்து நாட்டவர் ஒருவரின் முதுகெலும்புத் தொற்றுக்கும் கடல்வாழ் வகைக் கிருமியே காரணம் என அறிவிக்கப்பட்டது. இந்த நியூஸிலாந்து நாட்டவர் கடற்பாலூட்டி எதனையும் தொட்டவரல்லர். மீன்பிடியில் ஈடுபட்டு, பச்சை மீனைக் கையாண்டும் உண்டும் வந்தவர் என்பது கவனிக்கத்தக்கது.

இலங்கையருக்கு நன்கு அறிமுகமான மற்றொரு நோயும் இவ்விடத்துக் குறிப்பிடத்தக்கது. எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா கிருமி 1970 முதல் கலிபோர்னியாக் கடற்சிங்கங்களில் அறியப்பட்டு வருகின்றது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அது பெருநோயாகி அவற்றின் சிறுநீரகங்களைச் சிதைக்கின்றது; 2025 இலும் அத்தகைய நிலை ஏற்பட்டது. நலமாகத் தோன்றிய கடற்சிங்கங்களைப் பிடித்துப் பரிசோதித்தபோது, அவற்றுள்ளும் சில தமது சிறுநீரில் கிருமியை வெளியேற்றுவது தெரிய வந்தது. 2008 இல் ஏழாயிரத்துக்கும் அதிகமானோர் எலிக்காய்ச்சலுக்கு இலக்கான எமது நாட்டில், கிருமியைச் சுமப்பது எந்த விலங்கு என்ற கேள்வியின் பெறுமதியை விளக்க வேண்டியதில்லை.

வனவிலங்குகளைப் பிடிப்பது அவற்றுக்குத் துன்பம், செலவும் பெரிது, மனிதருக்குள்ள ஆபத்தோ சிறிது என்று வாதிடுவோர் உளர். அவ்வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால், இறந்த விலங்கிலிருந்து மாதிரி எடுப்பதில் துன்பம் எதுவுமில்லை. சிறிய ஆபத்து எது, வளர்ந்து வரும் ஆபத்து எது எனப் பிரித்தறிவதற்கும் இதனை விட்டால் வேறு வழியில்லை.

2017 இல் சம்பூர் கரையில் சுமார் 20 திமிங்கிலங்களும், 2020 நவம்பரில் பாணந்துறையில் நூற்றுக்கும் அதிகமான திமிங்கிலங்களும் ஒதுங்கியபோது, கடற்படையினரும் ஊர் மக்களும் தோளோடு தோள் நின்று அவற்றைக் கடலுக்குத் தள்ளினர். அம்மனிதநேயம் போற்றத்தக்கது. அதனைக் கைவிடுமாறு எவரும் கோரவில்லை. எனினும், வெறுங்கையால் தொடாதிருப்பதும், விலங்கின் மூச்சுத்துளைக்கு நேரே நில்லாதிருப்பதும், கையில் காயமுள்ளோர் விலகி நிற்பதும், பின்னர் சவர்க்காரமிட்டுக் கழுவுவதும் அவசியமாகும். இறந்த விலங்கின் இறைச்சியை வெட்டி எடுத்தலோ, நாய்களை அதனருகே விடுதலோ கூடாது. அதன்பின் நாட்கணக்கில் காய்ச்சல் நீடித்தால், விலங்கைத் தொட்ட செய்தியை வைத்தியரிடம் மறைக்காமல் கூற வேண்டும். அவர் கேட்கத் தோன்றாத கேள்விக்கான விடை அதுவாக இருக்கக்கூடும்.

அதிகாரிகளுக்கும் ஒரு கடமை உண்டு. கரையொதுங்கிய உடலைப் புதைக்க முன்னர் பயிற்சி பெற்ற ஒருவர் மாதிரிகளைப் பெற்று, அவற்றைப் பரிசோதித்துப் பதிவு செய்தல் வழமையாக வேண்டும். ஆடுகளின் குருதியைப் பார்க்கும் வரை மோல்டாவின் காய்ச்சல் புதிராகவே இருந்தது. கடலை நம்பி வாழும் மீனவக் குடும்பங்களுக்கு அத்தகைய 18 ஆண்டுக் காத்திருப்பு நேர விடலாகாது.