ஷூவைக் கவிழ்த்துப் பாருங்கள்!

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலோரமாகப் போனால் 10, 12 கிலோமீட்டர்தான் இருக்கும். அதற்குள் எத்தனை விதமான தரை! கன்டெய்னர் லாரிகள் குதறிப் போட்ட ரோடு. காசிமேட்டில் ஐஸ் தண்ணியும் மீன் செதிலும் கலந்து வழவழவென்று கிடக்கும் சிமென்ட். திருவொற்றியூர் பக்கம் கடல் அரிப்புக்காகக் கொட்டி வைத்த கருங்கல். நடுநடுவே துண்டு துண்டாக மணல். கடைசியில், எண்ணூர் முகத்துவாரத்தில் முழங்கால் சேறு. மெரினாவில் ஓடுகிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள். ஒரே தரை, ஒரே ஷூ, முடிந்ததும் ஒரு பொட்டலம் சுண்டல். நம்ம ஏரியா வாலிபனோ பஞ்சாங்கம் பார்க்கிற மாதிரி தினமும் தரையைப் பார்த்துவிட்டுத்தான் புறப்பட வேண்டியிருக்கிறது.

நான் வாரத்தில் மூன்று நாள் இந்தப் பக்கம் ஓடுகிறவன். ஆபீஸில் யாராவது புதிதாக ஓட ஆரம்பித்தால் முதலில் என்னிடம் வந்து கேட்பது, "எந்த கம்பெனி ஷூ சார் நல்லது?" என்றுதான். கம்பெனி பெயர் இருப்பது ஷூவின் பக்கவாட்டில். நம்மைத் தாங்குவதும் தள்ளிவிடுவதும் அடியில் இருக்கிறது. கடைக்காரர் மேல் பக்கத்தைக் காட்டி, "லேட்டஸ்ட் மாடல் சார், கலரைப் பாருங்க" என்பார். நீங்கள் அதை மரியாதையாக வாங்கி, கவிழ்த்துப் பாருங்கள்.

குட்டிக் குட்டிக் கட்டைகளாக ரப்பர் துருத்திக்கொண்டிருக்கும். பஞ்சர் கடை பாஷையில் 'பட்டன்'. பட்டனின் உயரம், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே உள்ள இடைவெளி, ரப்பர் மிருதுவா கடினமா... பார்க்க வேண்டியது இவ்வளவுதான். மற்றதெல்லாம் கல்யாணப் பத்திரிகை ஜிகினா!

பட்டனைப் பற்றித் திருவொற்றியூர்க்காரருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1946-ல் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை இங்கே ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்ய ஆரம்பித்தார். 1952-ல், தேய்ந்த டயரின் மேல் ஒட்டுகிற ட்ரெட் ரப்பரில் இறங்கினார். அதுதான் எம்.ஆர்.எஃப். லாரி டயருக்கு எந்தப் பட்டன், டிராக்டர் டயருக்கு எந்தப் பட்டன் என்று இங்குள்ள பழைய ஷிஃப்ட் தொழிலாளியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

ஷூவுக்குப் பட்டன் வந்த கதையிலும் ஒரு டயர் கம்பெனி இருக்கிறது. 1935-ல் ஆல்ப்ஸ் மலையில் விட்டாலே பிரமானி என்ற இத்தாலிக்காரரின் சகாக்கள் 6 பேர் செத்துப்போனார்கள். பாறை ஏறுவதற்கென்று போட்டிருந்த மெல்லிய அடி கொண்ட காலணி, பனியும் குளிரும் வந்தபோது கைகொடுக்கவில்லை. பிரமானி அதோடு விடவில்லை. பிரெல்லி டயர் கம்பெனியின் உதவியோடு, 1937-ல் பட்டன் வைத்த ரப்பர் அடியைக் கொண்டுவந்துவிட்டார். அந்த டிசைனுக்கு வைத்த பெயருக்கு இத்தாலிய மொழியில் 'டாங்கி' என்று அர்த்தம். அவர் பெயரின் எழுத்துகளைச் சேர்த்து உண்டானதுதான் 'விப்ரம்'. இன்றைக்கும் பல ஷூக்களின் அடியில் மஞ்சள் முத்திரையாக இருக்கிறது. 1954-ல் கே-2 சிகரத்தில் முதன்முதலாக ஏறிய இத்தாலியர்களின் காலில் இருந்ததும் அதுதான்.

சரி, சேற்றுக்கு வருவோம்.

வயலில் இறங்கும் டிராக்டரின் பின் டயரைக் கவனித்திருப்பீர்கள். பட்டன் ஒவ்வொன்றும் கையளவு உயரம். நடுவில் ஒரு குழந்தையை உட்கார வைக்கலாம் போல இடைவெளி. உயரம் எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும்: சேற்றைக் குத்திப் பிடிக்க. இடைவெளி எதற்கு? பிடித்த சேற்றை விடுவதற்கு! ஷூ வாங்கும்போது நம்மாட்கள் கோட்டை விடுவது இங்கேதான். "நிறைய பட்டன் இருக்கு சார், நல்லா கிரிப் இருக்கும்" என்று நெருக்கமான பட்டனாகப் பார்த்து வாங்குகிறார்கள். எண்ணூர் களிமண்ணில் பத்து அடி வைப்பதற்குள் சந்து பொந்தெல்லாம் அடைத்துக்கொள்கிறது. எண்ணெய் தடவாத பணியாரச் சட்டியில் மாவு ஊற்றினால் எப்படி ஒட்டிக்கொள்ளும், அப்படி. அதற்கப்புறம் உங்கள் காலில் இருப்பது அரை கிலோ களிமண் உருண்டை. மொட்டை டயருக்கும் அதற்கும் வித்தியாசமே கிடையாது.

கணக்கு சொல்கிறேன். தார் ரோட்டில் ஓடுகிற ஷூவில் பட்டன் உயரம் 1, 2 மில்லிமீட்டருக்கு மேல் இருக்காது. மண் பாதை, மலைப் பாதைக்கு 3, 4 மி.மீ. சேற்றுக்கென்றே செய்ததில் 5 முதல் 8 வரை போகும். கடையில் ஸ்கேல் கேட்டால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அதனால் சுண்டு விரலை இரண்டு பட்டனுக்கு நடுவே விட்டுப் பாருங்கள். விரல் நுனி தடங்கலில்லாமல் அடியைத் தொட்டால் சேறும் அதே வழியாக வெளியே வரும். நல்ல சேற்று ஷூவில் முன் பக்கத்துப் பட்டன்கள் அம்பு மாதிரி முன்னே பார்க்கும், குதிகால் பக்கம் திரும்பி இருக்கும். முன்னது தள்ள, பின்னது பிரேக் பிடிக்க.

உடனே 8 மி.மீ.யாகப் பார்த்து வாங்கிவிடாதீர்கள்! நம்ம பிரச்னையே வேறு. சேற்றுக்குப் போய்ச் சேருவதற்கு முன்னால் பத்து கிலோமீட்டர் தார் ரோடு இருக்கிறதே! உயரமான மிருது பட்டன் தார் ரோட்டில் அழிரப்பர் மாதிரி தேயும். காலுக்கும் கூழாங்கல் மேல் நடக்கிற உணர்ச்சி. ராயபுரம், தண்டையார்பேட்டையிலிருந்து வீட்டு வாசலிலேயே ஓட ஆரம்பிக்கிறவருக்கு 4 மி.மீ., நல்ல இடைவெளி... இதுதான் என் சிபாரிசு. ஐப்பசி, கார்த்திகை மழையிலும் எண்ணூரில் ஓடியே தீருவேன் என்கிற வீராதி வீரர் மட்டும் 5, 6 வாங்கி, அதைப் பையில் போட்டு பஸ்ஸில் எடுத்துக்கொண்டு போகட்டும். விலை வேறு இருக்கிறது. வெளிநாட்டு பிராண்டில் பல ஜோடிகள் பத்தாயிரத்தைத் தாண்டுகின்றன. பொங்கல் போனஸை இப்படி ரோட்டில் தேய்ப்பானேன்?

போலீஸ் வேலைக்குத் தயாராகும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. இந்தப் பக்கம் விடியற்காலையில் கூட்டம் கூட்டமாக ஓடுகிறவர்களில் பாதிப்பேர் அவர்கள்தான். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் 1500 மீட்டரை 7 நிமிஷத்தில் முடிக்கணும். அதற்குப் பட்டன் ஷூ வேண்டவே வேண்டாம். எடை குறைந்த சாதா ரோடு ஷூ போதும். சேற்று ஷூவைப் போட்டுக்கொண்டு மைதானத்தில் ஓடுவது, லுங்கி கட்டிக்கொண்டு ஹைஜம்ப் தாண்டுகிற மாதிரி.

கருங்கல் கதை நேர் எதிர். எர்ணாவூர் வரைக்கும் அங்கங்கே கடலோரம் கல் கொட்டியிருக்கிறார்கள், தூண்டில் வளைவு போட்டிருக்கிறார்கள். சேற்றில் குத்துகிற பட்டன் கல்லில் எதைக் குத்தும்? அதன் நுனி மட்டும் கல்லைத் தொடும், கால் ஆடும். கல்லுக்குத் தேவை குட்டைப் பட்டன், அகலமான ரப்பர், அதுவும் மிருதுவான ரப்பர். கட்டை விரல் நகத்தால் அழுத்தினால் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கணும். கண்ணாடி மாதிரி நகம் வழுக்கினால் ஈரக் கல்லிலும் அப்படியே வழுக்கும். மிருது ரப்பர் சீக்கிரம் தேயும்தான், என்ன செய்வது? இன்னொன்று, இப்போது ஃபேஷனாக வருகிற ரெண்டு இஞ்ச் மெத்தை வைத்த ஷூ. ரோட்டில் சுகம். கல்லில் அந்த உயரமே கணுக்காலைத் திருப்பிவிடும். நுனிவிரலுக்கு மேல் கெட்டியான ரப்பர் கவசம் இருக்கிறதா, அடியில் கூர்க்கல் குத்தாமலிருக்க உள்ளே ஒரு தகடு வைத்திருக்கிறானா என்றும் பாருங்கள். எல்லாம் இருந்தாலும், பச்சைப் பாசி படிந்த கல்லில் எந்த தேசத்து ஷூவும் நிற்காது. அங்கே ஓடுவதாவது! இறங்கி, பிடித்துக்கொண்டு, மெதுவாக நடங்கள். யாரும் சிரிக்க மாட்டார்கள். சிரித்தாலும் எலும்பு உடையாது.

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். எண்ணூருக்கென்று தனியாக ஒன்று உண்டு: இங்கே சேறு வெறும் சேறு இல்லை.

அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரித்த சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, குழாய் வழியாகச் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். குழாய் ஒழுகி, கொசஸ்தலை ஆற்றுப் பக்கமும் சதுப்பிலும் சாம்பல் படிந்தது பல வருஷத்துக் கதை. பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போன கதை. அந்தச் சாம்பல் வெயிலில் காய்ந்தால் மேலே வெள்ளை மாவு பூசிய தரை மாதிரி, 'வா வா, ஓடு' என்று கூப்பிடும். காலை வைத்தால் அடியில் கொழகொழ. களிமண்ணில் பட்டன் எதையாவது பிடிக்கும். சாம்பல் கூழில் பிடிக்க எதுவுமே கிடையாது. அதற்கென்று ஒரு ஷூவை இன்னும் எவனும் கண்டுபிடிக்கவில்லை. வெள்ளையாகத் தெரிந்தால் சுற்றிக்கொண்டு போங்கள்.

அடுத்தது எண்ணெய். 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதியதில் கொட்டிய எண்ணெய், எர்ணாவூர் கல்லிடுக்கில் தார் மாதிரி தங்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து வந்த எண்ணெய் முகத்துவாரம் வரை பரவியது. எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் ஊதிப் போகும், பிசுபிசுக்கும், பட்டன் பிய்ந்து வரும். ஃபேக்டரி சேஃப்டி ஷூவின் அடியில் நைட்ரைல் ரப்பரோ பாலியூரித்தேனோ போடுவது அதனால்தான். "அப்போ சேஃப்டி ஷூவிலேயே ஓடிடலாமே சார்?" என்று கேட்டார் ஒரு நண்பர். இரும்புத் தொப்பி வைத்த அந்த ஷூவில் ஓடினால் ஒரு வாரத்தில் பத்து நகமும் கறுத்துவிடும். எண்ணெய் மினுமினுப்பு தெரிகிற சேற்றில் இறங்காமல் இருப்பதுதான் வழி. தெரியாமல் மிதித்தால் அன்றைக்கே சோப்புத் தண்ணீரில் கழுவிவிடுங்கள்.

நாம் இறங்காமல் இருந்துவிடலாம். அங்கே பிழைக்கிறவர்கள்? 2017-ல் எர்ணாவூரில் எண்ணெயை வாளியில் அள்ளினார்கள். 2023-லும் முகத்துவாரத்தில் மீனவர்கள் படகில் போய்க் கையாலேயே அள்ள வேண்டியிருந்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்று இறாலைக் கையால் தடவிப் பிடிக்கிற இருளர் பெண்களுக்குக் காலில் ஷூவும் கிடையாது, செருப்பும் கிடையாது. சேற்றின் ஆழத்தை உள்ளங்காலாலேயே அளந்துவிடுவார்கள். அவர்கள் 'அங்கே போகாதே' என்று கை காட்டினால், பத்தாயிரம் ரூபாய் ஷூ போட்டிருந்தாலும் நான் அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

வாட்டர்ப்ரூஃப் ஷூ பற்றிக் கேட்பீர்கள். பனித்துளிக்கும் தூறலுக்கும் சரி. இங்கே தண்ணீர் கணுக்காலுக்கு மேலே வந்து, வாய் வழியாக உள்ளே இறங்குகிறது. இறங்கினது வெளியே போக வழியில்லாமல் குடத்தில் மாதிரி தளும்பும். வலை மாதிரி துணி வைத்த ஷூவாகப் பாருங்கள். நாலு எட்டு ஓடினால் தண்ணீர் தானாகப் பிழிந்து வெளியேறிவிடும். பருத்தி சாக்ஸ் வேண்டாம். ஈரத்தைக் குடித்துக்கொண்டு தோலை உரசும், கொப்புளம் நிச்சயம். நைலான் கலந்த மெல்லிய சாக்ஸ் நல்லது.

அளவு பார்க்க சாயங்காலம் போங்கள். நாள் முழுக்க நாற்காலியில் தொங்கின கால் கொஞ்சம் வீங்கி இருக்கும். ஓடும்போதும் அப்படித்தான் வீங்கும். சாக்ஸோடு போட்டு நின்று, விரல் நுனிக்கு முன்னால் கட்டை விரல் அகலம் இடம் விடுங்கள். குதிகால் மட்டும் அசையக் கூடாது. சேறு ஷூவைக் காலிலிருந்து உருவப் பார்க்கும். கணுக்கால் கிட்டே கடைசியாக ஒரு ஓட்டை, லேஸ் கோக்காமல் சும்மா இருக்குமே, அது அலங்காரம் இல்லை. அதில் லேஸை ஒரு வளையமாக விட்டு, எதிர்ப் பக்க லேஸை அதற்குள் நுழைத்து இழுத்துக் கட்டினால், சேறு என்ன இழுத்தாலும் குதிகால் கழன்று வராது.

சேற்றுக்குள் சிப்பி ஓடு இருக்கும், கண்ணாடிச் சில்லு இருக்கும், துருப்பிடித்த ஆணி இருக்கும். எது கீறினாலும் சின்னக் கீறல்தானே என்று விட்டுவிடாதீர்கள். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருஷம் ஆச்சு என்று டாக்டர் கேட்டால் சொல்லத் தெரியணும். வெள்ளத் தண்ணீரில் எலி மூத்திரம் கலந்திருந்தால் அந்தக் கீறல் வழியாகவே எலிக்காய்ச்சல் வரும். மழைக்காலத்தில் ஓடிய பிறகு காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், டாக்டரிடம் 'சேற்றுத் தண்ணியில் இறங்கினேன்' என்று நீங்களாகவே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர் 'வைரல் ஃபீவர்' என்று மாத்திரை எழுதி அனுப்பிவிடக்கூடும்.

வீட்டுக்கு வந்ததும் சேறு காய்வதற்கு முன்னால் கழுவிவிடுங்கள். வெயிலில் வைக்காதீர்கள், பசை விட்டுப்போகும். உள் அட்டையை உருவிவிட்டு, பழைய பேப்பரைக் கசக்கி உள்ளே திணித்து நிழலில் வையுங்கள். பேப்பர் ஈரத்தை உறிஞ்சிவிடும், ரெண்டு தடவை மாற்றினால் போதும். (இந்தப் பத்திரிகையைத் தவிர எதை வேண்டுமானாலும் திணிக்கலாம்!) அடி வாய் பிளந்தால் கடையில் விற்கிற பசையை நம்பாதீர்கள். தெருமுனையில் செருப்புத் தைக்கிற பெரியவரிடம் கொடுத்து, "ஒட்ட வேணாம் பெரியவரே, சுத்தி தைச்சுக் கொடுங்க" என்று சொல்லுங்கள். அவர் ஷூவைக் கையில் வாங்கினதும் முதல் வேலையாக என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். கவிழ்த்துத்தான் பார்ப்பார்.