நுரைச்சோலைச் சாம்பலில் கிடக்கும் இரும்பு

நுரைச்சோலையின் 900 மெகாவொட் மின்நிலையம் நிலக்கரியில் ஓடுகிறது. எஞ்சும் சாம்பல் அயல் கிராமத்தவருக்கு வெறும் தூசி, சுவாசிப்பவர்கள் அவர்கள்தானே. ஆனால் நிலக்கரியின் காபன் எரிந்துபோக, அதிலிருந்த இரும்பும் அலுமினியமும் சாம்பலில் செறிந்துவிடுகின்றன.

இரும்பில் ஒரு பகுதி காந்தத்தில் ஒட்டும். இணுவிலில் என் மாணவருக்கு மணலிலிருந்து இரும்புத்தூளைப் பிரித்துக் காட்டுவேனே, அதே வேலைதான். அலுமினியம் அப்படி வராது. சிலிக்காவோடு கண்ணாடிபோல் இறுகிக் கிடப்பதால் கடும் வெப்பமும் அமிலமோ காரமோ வேண்டும். சீனாவின் உள் மொங்கோலியாவில் எடுத்திருக்கிறார்கள். அங்குள்ள சாம்பலில் அலுமினா மிக அதிகம்.

இங்கே ஒருபக்கம் கடல், மறுபக்கம் புத்தளம் களப்பு. கழிவு அமிலத்தை எங்கே கொட்டுவது? அதனால் அலுமினிய ஆசை நமக்கு வேண்டாம் என்பேன். சீமெந்துக்குப் போகும் சாம்பலை முதலில் காந்தத்தின்மேல் ஓடவிட்டுப் பார்க்கலாம். குவிந்து கிடப்பதை இன்றே நனைத்து மூடலாம்.