பாபிலோனுக்குப் போன கடிதம்

கடவுள் தம் மக்களைக் குறித்துக் கொண்டிருக்கும் நினைவுகள் தீமைக்கானவை அல்ல என்று உறுதி கூறும் எரேமியா 29ஆம் அதிகாரத்தின் 11ஆம் வசனம், தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளின் சுவர்க் காலண்டர்களிலும், புத்தாண்டு ஆராதனையில் வழங்கப்படும் வாக்குத்தத்த அட்டைகளிலும் திரும்பத் திரும்ப இடம்பெறுகிறது. தேர்வு எழுதப் போகும் பிள்ளைக்கும் வேலை தேடி அலைபவருக்கும் அதைச் சொல்லித் தேற்றுவதில் தவறில்லை. ஆயினும் அது முதன்முதலில் யாருக்கு, எந்த நிலையில் எழுதப்பட்டது என்று அறியாமல் வாசிக்கும்போது, துன்பம் சீக்கிரம் நீங்கிவிடும் என்னும் உத்தரவாதமாக அது சுருங்கிப்போகிறது. உண்மையில், துன்பம் சீக்கிரம் நீங்காது என்று அறிவிக்கும் ஒரு கடிதத்தின் நடுவில்தான் அந்த வசனம் இருக்கிறது.

கி.மு. 597இல் பாபிலோன் மன்னன் நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்த செய்தி, வேதாகமத்தில் மட்டுமன்றி, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலுள்ள பாபிலோனியக் களிமண் பலகை ஒன்றிலும் பதிவாகியுள்ளது. பட்டமேறி மூன்று மாதமே ஆகியிருந்த யோயாக்கீன் அரசனும், அவன் தாயும், பிரபுக்களும், தச்சரும் கொல்லருமாகப் பத்தாயிரம் பேர் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டனர் என்றும், ஏழைகளே ஊரில் எஞ்சினர் என்றும் இரண்டாம் ராஜாக்கள் புத்தகம் கூறுகிறது. ஆலயம், தாவீதின் அரியணை, முன்னோருக்கு வாக்களிக்கப்பட்ட நிலம் ஆகிய மூன்றையுமே தெய்வ ஆசீர்வாதத்தின் கண்கண்ட அடையாளங்களாகக் கருதி வாழ்ந்த அம்மக்கள், அவை எட்டாத அந்நிய மண்ணில் கடவுள் தங்களைக் கைவிட்டுவிட்டார் என்று எண்ணியதில் வியப்பில்லை.

அவர்களைக் குறித்து விரைவான ஆறுதல் சொல்ல முன்வந்தவன் தீர்க்கதரிசியாகிய எரேமியா அல்லன். கிபியோன் ஊரானாகிய அனனியா. இரண்டே ஆண்டுகளில் பாபிலோனின் ஆதிக்கம் முறியும், கொள்ளைபோன ஆலயப் பாத்திரங்களும் அரசனும் மக்களும் திரும்பி வருவர் என்று அவன் கடவுளின் பெயரால் ஆலயத்திலேயே அறிவித்தான். பாபிலோனுக்குப் பணிய வேண்டியிருப்பதைக் காட்ட எரேமியா தன் கழுத்தில் பூண்டிருந்த மர நுகத்தையும் எல்லார் முன்னிலையிலும் பிடுங்கி உடைத்தான். நுகம் உடைபடுவதற்கு முன், அனனியாவின் அறிவிப்பைக் கேட்டபோது எரேமியா முதலில் ‘ஆமென்’ என்றே சொன்னார். அப்படியே நடக்கட்டும் என்று அவர் மனமும் விரும்பியிருக்க வேண்டும். ஆனால் முறிந்த மர நுகத்தின் இடத்தில் இரும்பு நுகம் வரும் என்ற செய்தியோடு அவர் பின்னர் திரும்பி வந்தார். வேதாகமம் பொய்த் தீர்க்கதரிசி என்று காட்டும் அனனியாவே இக்காட்சியில் நம்பிக்கை நிறைந்தவனாகத் தோன்றுகிறான் என்பது, எந்நாளும் நற்செய்தி மட்டுமே சொல்லும் போதகர்களை நாடுவோர் நின்று யோசிக்க வேண்டிய இடம்.

யோயாக்கீனுக்குப் பின் எருசலேமில் ஆண்ட சிதேக்கியா அரசன் பாபிலோனுக்கு அனுப்பிய தூதர்களின் கையில் எரேமியா கொடுத்தனுப்பிய கடிதம், வீடு கட்டிக் குடியிருக்கவும், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடவும், பிள்ளைகளுக்குத் திருமணம் செய்துவைத்துக் குறையாமல் பெருகவும், இவற்றுக்கெல்லாம் மேலாக, தங்களைச் சிறைப்படுத்திய நகரத்தின் நலனுக்காக வேண்டிக்கொள்ளவும் அம்மக்களுக்குச் சொல்கிறது. மீட்பு 70 ஆண்டுகளுக்குப் பின்பே வரும் என்பதால், அதை வாசித்த பெரியவர்களில் பெரும்பாலோர் சொந்த ஊரை மறுபடி காணப்போவதில்லை. அந்த 70ஐ எந்த ஆண்டிலிருந்து எண்ணுவது என்பதில் அறிஞர்கள் மாறுபடுகின்றனர். ஒரு தலைமுறை அங்கேயே கண்மூடும் என்பதில் மட்டும் கடிதம் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. ஆதியாகமத்தில் மனிதகுலத்துக்குக் கடவுள் அருளும் முதல் ஆசீர்வாதமும் பெருகச் சொல்வதே ஆதலின், திரும்பிப் போகும் நாளில்தான் ஆசீர்வாதம் தொடங்கும் என்றில்லாமல், சிறையிருப்பின் முதல் அறுவடையிலேயே அதை எதிர்பார்க்கலாம் என்பது இக்கடிதத்தின் உட்பொருளாகிறது. முந்திய 24ஆம் அதிகாரத்தின் தரிசனத்தில் நல்ல அத்திப்பழக் கூடையாகச் சிறைப்பட்டுப் போனவர்களும், தின்னத் தகாத பழக் கூடையாக எருசலேமில் தங்கிவிட்டவர்களும் காட்டப்படுவது, தப்பித்ததையே தெய்வ தயவின் சான்றாகக் கொண்டவர்களின் கணக்கைத் தலைகீழாக்குகிறது.

இக்கடிதத்துக்குப் பின்னிருந்த வாழ்க்கைக்கு மண்ணுக்கடியிலிருந்தும் சான்றுகள் கிடைத்துள்ளன. பாபிலோன் அரண்மனைப் பகுதியில் கிடைத்த படியளப்புப் பலகைகள், யூதாவின் அரசன் என்றே யோயாக்கீனைக் குறித்து, அவனுக்கும் அவன் மைந்தர் ஐவருக்கும் வழங்கிய எண்ணெயைக் கணக்கெழுதியுள்ளன. ‘யூதாவின் ஊர்’ எனப் பொருள்படும் அல்-யகூது என்னும் குடியிருப்பின் ஆவணங்கள், கி.மு. 572 தொடங்கி, அங்கே யூதர்கள் நிலம் உழுது, வாற்கோதுமையும் பேரீச்சம்பழமும் விளைவித்து, கடன் வாங்கி, வரி கட்டியதைக் காட்டுகின்றன.

கடிதம் எல்லாராலும் விரும்பி வரவேற்கப்படவில்லை. சிறையிருப்பு நெடுநாள் நீடிக்கும் என்று எழுதிய இந்த மனிதனை ஏன் இன்னும் அடக்கிவைக்கவில்லை என்று கேட்டு, பாபிலோனிலிருந்த செமாயா என்பவன் எருசலேமின் ஆசாரியனுக்கு எதிர்க்கடிதம் எழுதினான். ஆசாரியன் செப்பனியா அதை எரேமியாவுக்கே வாசித்துக் காட்டினான். ஆயினும் காலம் கடந்து, கி.மு. 538 வாக்கில் பாரசீக மன்னன் கோரேசு யூதர்கள் திரும்பிப் போக அனுமதி அளித்தபோது, பலர் தங்கள் வீடுகளையும் தோட்டங்களையும் விட்டுப் போக மனமின்றிப் பாபிலோனிலேயே தங்கிவிட்டனர்.